சர்க்கரை எல்லையைத் தொட்டுவிட்டதா? மளிகைப் பட்டியலில் தொடங்கி மாத்திரை வரை ஒரு முழுமையான உணவு வழிகாட்டி

வெறும் வயிற்றில் சர்க்கரை 112 என்று ரிப்போர்ட் வந்ததும் பெரும்பாலான வீடுகளில் நடப்பது ஒன்றுதான். இரவுச் சோறு போய்ச் சப்பாத்தி வரும். காலையில் கேழ்வரகுக் கஞ்சி வரும். காப்பியில் சீனி இருந்த இடத்தில் நாட்டுச்சர்க்கரை விழும். மூன்று மாதம் கழித்து மறுபடி பார்த்தால் 115. "எல்லாத்தையும் மாத்திட்டேனே, ஏன் குறையல?" என்ற கேள்வி அங்கேதான் பிறக்கிறது.

மாறியது வகை மட்டும், அளவு மாறவில்லை. ஒரு சப்பாத்திக்கு 30 கிராம் மாவு என்றால் மூன்று சப்பாத்திக்கு 90 கிராம். அதில் மாவுச்சத்து மட்டும் 60 கிராமுக்கு மேல். முன்பு சாப்பிட்ட சோற்றிலும் அவ்வளவுதான் இருந்தது. கேழ்வரகு, கம்பு, சாமை, தினை எதை எடுத்தாலும் 100 கிராமில் 60 முதல் 70 கிராம் மாவுச்சத்துதான். கேழ்வரகில் கால்சியம் ஏராளம், நார்ச்சத்தும் தீட்டிய அரிசியைவிட அதிகம். அதற்காகச் சாப்பிடலாம், சர்க்கரைக்கு மருந்தாக அல்ல. நைசாக அரைத்த மாவைக் கூழாகக் காய்ச்சிக் குடித்தால், மெல்ல வேண்டிய வேலைகூட இல்லாமல் அது நேராகக் குடலுக்குப் போய் வேகமாக ரத்தத்தில் ஏறும். சத்துமாவுக் கஞ்சிக்கும் இதே கதிதான். கருப்பட்டி, தேன், நாட்டுச்சர்க்கரை மூன்றுக்கும் சீனிக்கும் சர்க்கரைக் கணக்கில் பெரிய வித்தியாசம் கிடையாது.

ஆகவே இந்த வழிகாட்டி முழுக்க ஒரே திசையில்தான் போகிறது: தானியத்தின் அளவைக் குறைப்பது, குறைத்த இடத்தில் பருப்பையும் காயையும் வைப்பது. இது முன்நீரிழிவு (சர்க்கரை இயல்பைவிடக் கூடியும் நீரிழிவின் கோட்டைத் தொடாத நிலை) உள்ளவர்களுக்கும், இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களுக்கும், கல்லீரல் கொழுப்பு, அதிக ட்ரைகிளிசரைடு (ரத்தத்தில் ஓடும் ஒருவகைக் கொழுப்பு) என்று ரிப்போர்ட் வாங்கியவர்களுக்கும் எழுதப்பட்டது. முதல் வகை நீரிழிவு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், சிறுநீரகம் பழுதானவர்கள், ஒல்லியாக இருந்தும் எடை இறங்கிக்கொண்டே போகிறவர்கள் இதைத் தாங்களாகத் தொடங்கக் கூடாது. கடைசியாகச் சொன்னவர்களுக்குச் சர்க்கரைக்கு வேறு காரணம் இருக்கலாம். அதை முதலில் கண்டுபிடிக்க வேண்டும்.

படி 1: எண்களைச் சரியாக வாங்குங்கள்

ஒரே ஒரு வெறும்வயிற்றுப் பரிசோதனையை வைத்து முடிவெடுக்காதீர்கள். வெறும் வயிற்றில் 100 முதல் 125 மி.கி., குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 140 முதல் 199, எச்பிஏ1சி (கடந்த மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் பரிசோதனை) 5.7 முதல் 6.4 சதவீதம்: இவற்றில் எதில் விழுந்தாலும் முன்நீரிழிவு. வெறும் வயிற்றில் 126, இரண்டு மணி நேரத்தில் 200, எச்பிஏ1சி 6.5 என்பவை நீரிழிவின் தொடக்கக் கோடுகள். நம்மவர்களில் பலருக்கு வெறும் வயிற்று அளவு நன்றாகவே இருக்கும், சாப்பிட்ட பிறகான அளவுதான் முதலில் கெடும். குளுக்கோஸ் குடித்துப் பார்க்கும் பரிசோதனையைச் சலிப்பாக நினைத்துத் தவிர்ப்பவர்கள் சில வருடங்களைத் தொலைக்கிறார்கள்.

எச்பிஏ1சியிலும் ஒரு பொறி இருக்கிறது. இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை இருந்தால் அது உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். ரத்தப்போக்கு இருந்தாலோ சிவப்பணுக்கள் சீக்கிரம் அழிந்தாலோ குறைத்துக் காட்டும். ஹீமோகுளோபின் 9, 10 என்று இருக்கும் பெண்கள் இந்த ஒரு எண்ணை மட்டும் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், நிம்மதியடையவும் வேண்டாம்.

கூடவே எடுக்க வேண்டியவை: வெறும் வயிற்றில் லிப்பிட் புரொஃபைல் (ரத்தக் கொழுப்பு), எஸ்ஜிபிடி (கல்லீரலுக்கு), கிரியாட்டினினும் சிறுநீரில் ஆல்புமினும் (சிறுநீரகத்துக்கு), ரத்த அழுத்தம். ட்ரைகிளிசரைடு 150க்கு மேல், எச்டிஎல் (நல்ல கொலஸ்ட்ரால்) ஆணுக்கு 40க்கும் பெண்ணுக்கு 50க்கும் கீழ், ரத்த அழுத்தம் 130/85க்கு மேல், வெறும் வயிற்றுச் சர்க்கரை 100க்கு மேல், இடுப்புச் சுற்றளவு அதிகம்: ஐந்தில் மூன்று இருந்தால் அதற்கு மெட்டபாலிக் சிண்ட்ரோம் என்று பெயர். ஐந்தும் ஒரே வேரிலிருந்து வருவதால் உணவில் செய்யும் ஒரே மாற்றம் ஐந்தையும் தொடுகிறது.

இடுப்பை அளப்பதில்தான் அதிகம் தவறு நடக்கிறது. பேன்ட் போடும் இடம் இடுப்பு அல்ல. தொப்பை உள்ளவர்களுக்கு அது தொப்பைக்குக் கீழே இறங்கியிருக்கும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே டேப்பைச் சுற்றி, இயல்பாக மூச்சை விட்டபின் அளக்க வேண்டும். தெற்காசியர்களுக்கு ஆண் 90 செ.மீ., பெண் 80 செ.மீ. என்பது எல்லை. பிஎம்ஐயும் (உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் எண்) நமக்கு 23லேயே அதிக எடை, 25லேயே உடல் பருமன்.

ஏன் இவ்வளவு தாழ்ந்த எல்லை? 2004இல் லான்செட் மருத்துவ இதழில் புனே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யுட்கினும் தங்களையே ஒப்பிட்டுக் காட்டினார்கள். இருவருக்கும் பிஎம்ஐ 22.3. ஆனால் உடல் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்கிற்கு 21.2 சதவீதம். மெலிந்த தோற்றத்துக்குள் கொழுப்பு ஒளிந்திருக்கிறது. அது தோலுக்கு அடியில் இடமில்லாமல் கல்லீரலில் சேரும்போது, கல்லீரல் இன்சுலின் சொல்லைக் கேட்காமல் இரவு முழுக்கச் சர்க்கரையை வெளியே விடுகிறது. காலையில் ஒன்றும் சாப்பிடாமலே 112 வருவது அதனால்தான்.

படி 2: மளிகைப் பட்டியலைக் கையில் எடுங்கள்

யார் எவ்வளவு சாப்பிடுகிறார்கள் என்று தட்டைப் பார்த்துக் கணக்கிடுவது வீண் வேலை. எல்லோரும் குறைத்துத்தான் சொல்வார்கள். மாதச் சாமான் பட்டியல் பொய் சொல்லாது.

நான்கு பெரியவர்கள் உள்ள வீட்டை எடுத்துக்கொள்வோம். அரிசி 25 கிலோ சிப்பம் ஒன்று, இட்லி அரிசி 6 கிலோ, கோதுமை மாவு 4 கிலோ, ரவை, சேமியா 2 கிலோ. மொத்தம் 37 கிலோ. நாலாலும் முப்பதாலும் வகுத்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 308 கிராம் தானியம். துவரம்பருப்பு 2 கிலோ, உளுந்து ஒன்றரை, மற்ற பயறுகள் ஒரு கிலோ: ஆளுக்கு 38 கிராம். எண்ணெய் 4 லிட்டர்: ஆளுக்கு 30 கிராம். சீனி 4 கிலோ: ஆளுக்கு 33 கிராம்.

இதோடு ஒப்பிட ஓர் அளவுகோல் இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024இல் வெளியிட்ட வழிகாட்டியில் 2000 கலோரி உணவுக்குத் தானியம் 250 கிராம், பருப்பு அல்லது முட்டை, மாமிசம் 85 கிராம், காய்கறியும் கீரையும் 400 கிராம், பழம் 100 கிராம், கொட்டைகள் 35 கிராம், பால் அல்லது தயிர் 300 மி.லி., எண்ணெய் 27 கிராம். இது ஆரோக்கியமானவருக்கான கணக்கு.

உட்கார்ந்து வேலை பார்க்கும், எடை குறைய வேண்டிய, 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு இதை இப்படி இறக்கலாம்: தானியம் 150 கிராம், பருப்பும் பயறும் 80 கிராம், பால் அல்லது தயிர் 300 மி.லி., காய் 400 கிராம், வேர்க்கடலை 30 கிராம், ஒரு முட்டை, எண்ணெய் 20 கிராம், ஒரு கொய்யா. கூட்டினால் 1600 கலோரியை ஒட்டி வரும், புரதம் 60 கிராம். முட்டை சாப்பிடாதவர்கள் பருப்பை 100 கிராமாக்கிக்கொள்ளலாம்.

அதே நான்கு பேருக்கான புதிய பட்டியல்: எல்லாத் தானியமும் சேர்த்து 20 கிலோ, பருப்பும் பயறும் 9 கிலோ, எண்ணெய் இரண்டரை லிட்டர், சீனி ஒரு கிலோ. வளரும் பிள்ளைகளும் உடலுழைப்பு செய்பவர்களும் வீட்டில் இருந்தால் அவர்கள் பங்கைத் தனியாகக் கூட்டிக்கொள்ள வேண்டும். அவர்களைப் பட்டினி போடக் கூடாது.

பணம் இடிக்கும் என்பது உண்மை. தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி விலையில்லாமல் வருகிறது, துவரம்பருப்போ அட்டைக்கு மாதம் ஒரு கிலோதான். நமது தட்டு அரிசிப் பக்கம் சாய்ந்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். துவரம்பருப்பிலேயே நிற்காமல் கொள்ளு, தட்டைப்பயறு, வேர்க்கடலை, முட்டை என்று பிரித்தால் செலவு தாங்கும். கொள்ளில் 100 கிராமுக்கு 22 கிராம் புரதம் உண்டு, துவரைக்குச் சற்றும் இளைத்ததல்ல.

ஒரே மாதத்தில் 37 கிலோ தானியத்தை 20 ஆக்காதீர்கள். முதல் மாதம் 30, அடுத்த மாதம் 25, பிறகு 20. பருப்பு ஏறுகிற வேகமும் அப்படியே இருக்கட்டும். இல்லையென்றால் வயிறு உப்பும், இரண்டாம் வாரத்திலேயே வீட்டில் கலகம் வரும்.

படி 3: மூன்று சுற்றுச் சோற்றை ஒரு சுற்றாக்குங்கள்

நம் மதியச் சாப்பாட்டின் அமைப்பே சாம்பாருக்கு ஒரு சுற்று, ரசத்துக்கு ஒரு சுற்று, மோருக்கு ஒரு சுற்று. ஒவ்வொரு சுற்றும் சின்னதாகத்தான் தெரியும். சேர்த்து எடை போட்டால் சமைத்த சோறு 400 கிராமைத் தாண்டும், அதாவது 140 கிராம் அரிசி. ஒரு நாள் பங்கு முழுவதும் ஒரே வேளையில் போய்விட்டது.

மாற்றும் முறை இது. 200 மி.லி. கப் ஒன்றைச் சோற்றுக்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். தலை தட்டி ஒரு கப் என்பது ஏறக்குறைய 150 கிராம் சோறு, 50 கிராம் அரிசி. அதுதான் ஒரு வேளைக்கு. அதைச் சாம்பாருக்குப் பாதிக்கு மேலும் மிச்சத்தைத் தயிருக்கும் வையுங்கள். ரசத்தை டம்ளரில் குடியுங்கள். மோர் வேண்டுமென்றால் அதையும் குடியுங்கள்.

தட்டில் முதலில் விழ வேண்டியது காய். பொரியல் ஒரு கரண்டி, கூட்டு ஒரு கரண்டி என்று ஓரத்தில் தொட்டுக்கொள்ளும் அளவு போதாது. இரண்டும் சேர்த்து 200 கிராம், சோற்றைவிடக் கூடுதலாகத் தெரிய வேண்டும். அவரை, கத்தரி, வெண்டை, புடலை, பீர்க்கு, சுரை, கோவைக்காய், வாழைத்தண்டு, கீரை எல்லாம் கணக்கில் வரும். உருளை, சேனை, மரவள்ளி, வாழைக்காய் வராது. அவை சோற்றின் பங்கில் கழியும். உருளைக்கிழங்கு வறுவலோடு சாம்பார் சாதம் என்பது சோற்றுக்குச் சோறே கூட்டு.

சாப்பிடும் வரிசையும் உதவுகிறது. காயையும் பருப்பையும் முதலில் பாதியாவது சாப்பிட்டுவிட்டுப் பிறகு சோற்றைத் தொட்டால், அதே உணவுக்குச் சர்க்கரை ஏறும் உயரம் குறைகிறது. செலவில்லாத மாற்றம் இது. விருந்தில்கூடச் செய்யலாம். சாப்பிட்டு எழுந்ததும் பத்துப் பதினைந்து நிமிடம் நடப்பது இதற்கு அடுத்த சிறந்த காரியம். வேலை செய்யும் தசை ரத்தத்திலிருக்கும் சர்க்கரையைத் தானே இழுத்துக்கொள்ளும்.

புழுங்கலரிசியா பச்சரிசியா? புழுங்கல் கொஞ்சம் நல்லது. தீட்டாதது அதைவிட நல்லது. பழையசோற்றில் செரிக்காத மாவு சற்றுக் கூடும் என்பதும் சரிதான். ஆனால் இவையெல்லாம் சில்லறை லாபம். ஒரு கப்பை மூன்று கப்பாக்கும் அனுமதிச்சீட்டு அல்ல.

படி 4: காலை, இரவு டிபன்

மதியம் கவனமாக இருப்பவர்கள்கூட இங்கேதான் விழுகிறார்கள். நான்கு இட்லியும் தேங்காய்ச் சட்னியும் லேசான சாப்பாடு போல் தோன்றும். ஓர் இட்லியில் ஏறக்குறைய 20 கிராம் அரிசி. நாலில் 80 கிராம், காய் சுத்தமாக இல்லை, பருப்பு கொஞ்சமே. இரவுக்கும் அதே மாவு தோசையாக வரும். பல வீடுகளில் நாளின் இரண்டு வேளை காயே இல்லாமல் ஓடுகிறது.

இரண்டு இட்லியோடு நிறுத்தி, ஒரு பெரிய கிண்ணம் காய் போட்ட கெட்டிச் சாம்பார், ஒரு முட்டை அல்லது ஒரு கிண்ணம் பாசிப்பயறு சுண்டல். இதுதான் எளிய திருத்தம். வீட்டுச் சாம்பாரில் ஆளுக்கு 10 கிராம் பருப்புதான் போகிறது. அதை 25 கிராமாக்குங்கள். நான்கு பேருக்கு 100 கிராம் துவரம்பருப்பு, 400 கிராம் காய்.

வாரத்தில் இரண்டு மூன்று நாள் அடை செய்யுங்கள். ஆனால் வழக்கமான அளவைத் தலைகீழாக்க வேண்டும். நான்கு பேருக்கு: இட்லி அரிசி 150 கிராம், கடலைப்பருப்பு 100, துவரம்பருப்பு 100, பாசிப்பருப்பு 75, உளுந்து 25. மூன்று மணி நேரம் ஊற வைத்து, வரமிளகாய், இஞ்சி, பெருங்காயம், உப்புச் சேர்த்துக் கொரகொரப்பாக அரைத்து, இரண்டு கைப்பிடி முருங்கைக்கீரையும் நறுக்கிய வெங்காயமும் கலந்தால் ஒன்பது அடை வரும். ஓர் அடையில் அரிசி 17 கிராம்தான், புரதம் 9 கிராமை ஒட்டி.

இதில் கெடும் இடங்கள் தெரிந்திருக்க வேண்டும். நைசாக அரைத்தால் அடை களி போல் பிசுபிசுக்கும். மாவு நீர்த்தால் திருப்பும்போது உடையும். அதைக் காப்பாற்றத்தான் அந்தக் கொஞ்சம் அரிசி. மொத்தமாக ஊற்றி அனலைக் கூட்டினால் வெளியே சிவந்து உள்ளே பருப்பு பச்சையாக நிற்கும், அடுத்து வயிற்றுப் பொருமல். நடுவில் ஒரு துளை போட்டு, மிதமான தீயில் மூடி வைத்து, ஓர் அடைக்கு ஒரு டீஸ்பூன் எண்ணெய்க்கு மேல் விடாமல் சுட வேண்டும். மாவை மறுநாளுக்கு வெளியே வைத்தால் புளித்துவிடும்.

சப்பாத்தி என்றால் இரண்டு. கூடவே தட்டில் பாதியை நிறைக்கும் அளவு காய்க்குருமா அல்லது கொண்டைக்கடலை. உப்புமா, பொங்கல், இடியாப்பம் மூன்றும் கடினமான கேஸ்கள். பொங்கலில் அரிசியும் பாசிப்பருப்பும் சம அளவு போட்டால் ஓரளவு தேறும். ரவை உப்புமாவில் ரவைக்கு இரட்டிப்பாகக் காய் போடாவிட்டால் அதை மறந்துவிடலாம்.

படி 5: பயறுக்கு வயிற்றைப் பழக்குங்கள்

பருப்பைக் கூட்டச் சொன்னதும் வரும் முதல் புகார் வாயு. குடலில் இருக்கும் நுண்ணுயிர்கள் புதிய நார்ச்சத்துக்குப் பழக இரண்டு மூன்று வாரம் ஆகும். 15 கிராம் பாசிப்பயறில் தொடங்குங்கள், அதுதான் எளிதில் செரிப்பது. பிறகு தட்டைப்பயறு, பிறகு கொள்ளு, கடைசியில் கொண்டைக்கடலை. எட்டுப் பத்து மணி நேரம் ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் குழைய வேகவையுங்கள். அரைவேக்காட்டுக் கடலைதான் பாதிப் பிரச்சினைக்குக் காரணம். தண்ணீர் குடிக்காமல் நார்ச்சத்தை மட்டும் கூட்டினால் மலச்சிக்கல் வரும்.

மாலைப் பசிக்கு டீயும் பிஸ்கட்டும் இருந்த இடத்தில் 30 கிராம் உலர்ந்த பயறில் செய்த சுண்டல். கடையில் விற்கும் மல்டிகிரெய்ன், சுகர்ஃப்ரீ, சிறுதானிய பிஸ்கட்டுகளின் பின்பக்கத்தைத் திருப்பிப் படித்தால் முதல் இரண்டு மூன்று பெயர்களில் மைதாவோ சுத்திகரித்த மாவோ பாமாயிலோ இருக்கும்.

எண்ணெய், சீனி, உப்பு

இதைச் சுருக்கமாகவே முடித்துவிடலாம். எண்ணெயைப் பாட்டிலிலிருந்து ஊற்றாமல் டீஸ்பூனால் எடுங்கள். ஆளுக்கு நாளைக்கு நான்கு டீஸ்பூன். கடலை எண்ணெய், நல்லெண்ணெய் இரண்டும் சரி. எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) கூடியவர்கள் பாமாயில், தேங்காயெண்ணெய், நெய், வனஸ்பதியைக் கட்டுப்படுத்த வேண்டும். தேங்காயை அரைத்து ஊற்றும் குழம்பு வாரம் இரண்டு நாள் போதும்.

மூன்று காப்பிக்கு இரண்டிரண்டு ஸ்பூன் சீனி என்றால் நாளைக்கு 30 கிராம். வாரத்துக்கு அரை ஸ்பூனாகக் குறைத்துக்கொண்டே போனால் நாக்கு பழகிவிடும். ஜூஸ் வேண்டாம், பழமாகக் கடித்துச் சாப்பிடுங்கள். உப்பு எல்லாமாகச் சேர்த்து நாளைக்கு 5 கிராம், ஒரு டீஸ்பூன். ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர்மிளகாய் இந்தக் கணக்குக்குள்தான். "லோ சோடியம்" உப்பில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் டெல்மிசார்டன், எனலாபிரில் போன்ற ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது.

படி 6: குளுக்கோமீட்டரை வைத்து உங்கள் உணவைச் சோதியுங்கள்

யாருக்கு எது எவ்வளவு ஏற்றும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். அட்டவணையைவிட உங்கள் விரல் நுனி சரியாகச் சொல்லும். வாரத்தில் இரண்டு வேளையைத் தேர்ந்தெடுத்து, சாப்பிடும் முன் ஒன்று, முதல் வாய் வைத்ததிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று எடுங்கள். கடைசி வாயிலிருந்து அல்ல. முன்நீரிழிவு உள்ளவருக்கு இரண்டாவது எண் 140க்குள்ளும், நீரிழிவு உள்ளவருக்கு 180க்குள்ளும் இருக்க வேண்டும். இரண்டுக்கும் இடையே 50க்கு மேல் ஏறியிருந்தால் அந்த வேளையில் தானியத்தை மூன்றில் ஒரு பங்கு குறைத்து, அதே உணவை அடுத்த வாரம் மறுபடி சோதியுங்கள்.

கையைக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் குத்த வேண்டும். மாம்பழம் நறுக்கிய விரலில் குத்தினால் பழத்தின் சர்க்கரையும் சேர்ந்து வரும். மீட்டரில் 15 சதவீதம் வரை முன்பின் இருக்கும் என்பதால் 138க்கும் 146க்கும் உள்ள வித்தியாசத்துக்கு அர்த்தம் தேடாதீர்கள்.

படி 7: மாத்திரை, ஊசி எடுப்பவர்கள் இதைப் படிக்காமல் தொடங்க வேண்டாம்

தானியத்தைப் பாதியாக்கிவிட்டு மருந்தைப் பழைய அளவிலேயே விட்டால் ஆபத்து. கிளிமிபிரைடு, கிளிக்லசைடு, கிளிபென்கிளமைடு மாத்திரைகளும் இன்சுலினும் நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் சர்க்கரையை இறக்கும். உணவை மாற்றும் நாளுக்கு முன்பே மருத்துவரைப் பார்த்து அளவைக் குறைக்க வேண்டும். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்கு இந்தப் பயம் மிகக் குறைவு. ஆனால் பல வருடம் எடுத்தால் பி12 குறையும், அதிலும் சைவர்களுக்கு. கால் மரமரப்பைச் சர்க்கரை நோய் என்று மட்டும் நினைத்து விட்டுவிடாமல் அதைப் பரிசோதியுங்கள்.

டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் எடுப்பவர்கள் மாவுச்சத்தை அடியோடு நிறுத்தும் உணவுமுறைக்கோ நீண்ட விரதத்துக்கோ போகக் கூடாது. சர்க்கரை அளவு சாதாரணமாகக் காட்டும்போதே ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறிவிடலாம். குமட்டல், வயிற்றுவலி, மூச்சிரைப்பு வந்தால் மீட்டரை நம்பி வீட்டில் இருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நடுக்கம், வியர்வை, படபடப்பு, அளவு 70க்குக் கீழ் என்றால் 15 கிராம் சர்க்கரை, அதாவது மூன்று டீஸ்பூன், தண்ணீரில் கலக்கிக் குடித்துவிட்டு 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். வோக்ளிபோஸ், அகார்போஸ் மாத்திரை எடுப்பவர்களுக்கு மட்டும் சீனித் தண்ணீர் சரிப்படாது. அந்த மருந்து சீனி உடைவதையே தடுக்கிறது. அவர்கள் குளுக்கோஸ் பவுடர் பாக்கெட்டைக் கையிலேயே வைத்திருக்க வேண்டும். இதை மருந்துச்சீட்டோடு யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை.

கல்லீரல் கொழுப்பு, ட்ரைகிளிசரைடு, யூரிக் அமிலம்

மூன்றும் சர்க்கரையோடு கைகோத்து வருபவை. கல்லீரல் கொழுப்புக்கு உணவே பிரதான மருந்து. எடையில் 5 சதவீதம் குறைந்தால் கொழுப்பு இறங்கும், 7 முதல் 10 சதவீதம் குறைந்தால் வீக்கமும் தணியும். 70 கிலோ இருப்பவருக்கு 5 முதல் 7 கிலோ. மது முழுவதும் நிற்க வேண்டும்.

ட்ரைகிளிசரைடு கூடியதும் முட்டையை நிறுத்துவது வழக்கம். கூட்டியது பெரும்பாலும் முட்டையல்ல. சோறு, இனிப்பு, மது. இவற்றைக் குறைத்தால் சில வாரத்திலேயே எண் இறங்குவதைப் பார்க்கலாம். 500க்கு மேல் போனால் கணையம் வீங்கும் அபாயம் உண்டு. அப்போது உணவை மட்டும் நம்பிக் காத்திருக்கக் கூடாது.

யூரிக் அமிலம் கூடியவர்களிடம் பருப்பு, தக்காளி, கீரை எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லும் பழக்கம் இன்னும் போகவில்லை. பருப்பிலும் காயிலும் உள்ள பியூரின் (உடலில் யூரிக் அமிலமாக மாறும் பொருள்) கவுட் என்னும் மூட்டுவலி வரும் அபாயத்தைக் கூட்டுவதாகப் பெரிய ஆய்வுகளில் தெரியவில்லை. கூட்டுபவை பீர், ஈரல் போன்ற உள்ளுறுப்புகள், சிவப்பு மாமிசம், நெத்திலி போன்ற சில மீன்கள், இனிப்புப் பானங்கள்.

எவ்வளவு பலன் எதிர்பார்க்கலாம்?

சென்னையில் மருத்துவர் ஏ.ராமச்சந்திரன் குழு நடத்தி 2006இல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில் முன்நீரிழிவு உள்ள 531 பேர் சேர்ந்தார்கள். மூன்று வருடத்தில், வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதம் பேருக்கு நீரிழிவு வந்தது. உணவையும் நடையையும் மாற்றியவர்களில் 39.3 சதவீதம். கவனிக்க வேண்டியது, அவர்களுக்கு எடை பெரிதாகக் குறையவே இல்லை. தராசு நகரவில்லை என்று மனம் தளர்ந்து விட்டுவிடுபவர்கள் இந்த எண்ணைப் பார்க்க வேண்டும்.

நீரிழிவு வந்து சில வருடங்களே ஆனவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. பிரிட்டனின் டைரக்ட் ஆய்வில், நாளைக்கு 825 முதல் 853 கலோரி மட்டும் கொடுத்து மூன்று முதல் ஐந்து மாதம் வைத்தார்கள். ஒரு வருட முடிவில் 46 சதவீதம் பேர் மாத்திரையில்லாமல் நீரிழிவின் எல்லைக்குக் கீழே வந்தார்கள். 15 கிலோவுக்கு மேல் குறைத்தவர்களில் 86 சதவீதம். இரண்டாம் வருடம் மொத்தக் கணக்கு 36 சதவீதமாக இறங்கியது, ஏனென்றால் எடை திரும்பியது. மருத்துவர் மேற்பார்வையில்லாமல் வீட்டில் செய்யும் வேலை அல்ல அது.

மூன்று மாதச் சோதனையும் அடுத்தும்

சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள். அதனால் எச்பிஏ1சியை மூன்று மாதத்துக்கு முன் எடுப்பது காசுக்குக் கேடு. அதுவரை வாரம் ஒருமுறை எடை, மாதம் ஒருமுறை இடுப்பு, மாதம் ஒருமுறை மளிகைப் பட்டியல். எடை வாரத்துக்கு அரைக் கிலோ இறங்கினால் போதும். அதைவிட வேகமாக இறங்கிக் கை கால் தளர்ந்தால் புரதம் போதவில்லை என்று அர்த்தம்.

மூன்று மாதத்தில் ஒன்றும் அசையவில்லையா? வரிசையாகப் பாருங்கள். மளிகைப் பட்டியல் உண்மையிலேயே இறங்கியதா, அல்லது வெளியே சாப்பிடுவது கூடியதா? வார இறுதி பரோட்டா எத்தனை? வீட்டில் ஒருவருக்கு மட்டும் தனிச் சமையல் நடக்கிறதா? தனி உலை இரண்டு மாதத்துக்கு மேல் தாங்காது, எல்லோருக்கும் ஒரே சமையல் என்றால்தான் நிற்கும். தூக்கம் ஆறு மணி நேரமாவது உண்டா? ஸ்டீராய்டு கலந்த மருந்து ஏதாவது ஓடுகிறதா? இவையெல்லாம் சரியென்றால் மருத்துவர் மருந்து சேர்ப்பார். அதை உணவின் தோல்வி என்று எடுத்துக்கொண்டு பழைய அளவுக்குத் திரும்பினால் மருந்தும் வேலை செய்யாது.

எண்கள் இறங்கியவர்கள் மருந்தைத் தாங்களாக நிறுத்தக் கூடாது. மருந்தை நிறுத்தி மூன்று மாதம் கழித்தும் எச்பிஏ1சி 6.5க்குக் கீழே நின்றால்தான் அது தணிந்த நிலை. அதன்பிறகும் வருடத்துக்கு ஒருமுறையாவது எச்பிஏ1சி, கண், பாதம், சிறுநீர் ஆல்புமின் பார்க்க வேண்டும். சிறுநீரில் ஆல்புமின் வரத் தொடங்கினாலோ கிரியாட்டினின் ஏறினாலோ புரத அளவை மருத்துவரிடம் கேட்டு மாற்ற வேண்டும். சிறுநீரகம் பழுதானவர்களுக்குப் பொதுவாக ஒரு கிலோ எடைக்கு 0.8 கிராம் என்று வைக்கிறார்கள். பொட்டாசியம் கூடியிருந்தால் கீரை, இளநீர், வாழைத்தண்டு எல்லாவற்றுக்கும் புதுக் கணக்கு போட வேண்டிவரும்.